மறக்கும் முன் கேட்கும் சாப்ட்வேர்

"ராத்திரி கடகடன்னு ஒப்பிச்சான், பரீட்சை ஹாலில் மறந்துட்டான்" என்று சொல்லாத பெற்றோர் குறைவு. உடனே ஞாபக சக்தி மாத்திரை, டானிக் என்று தேடத் தொடங்கிவிடுகிறோம். பெரும்பாலும் குறை பிள்ளையின் மூளையில் இல்லை. படிக்கும் முறையில்தான் இருக்கிறது.

2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினர். ஒரு பிரிவினர் ஒரு பகுதியை நான்கு சுற்று படித்தனர். மற்றொரு பிரிவினர் ஒரு சுற்று படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்! படித்தவர்கள் நினைவில் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் நினைவில் 61 சதவீதம். ராத்திரி ஒப்பித்தது பரீட்சைக்கு உதவாத காரணம் இதுதான்.

ஆக, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுகூர வேண்டும். அதையும் நாள் இடைவெளி விட்டுச் செய்ய வேண்டும். எந்தக் கேள்வியை என்று கேட்பது என்ற கணக்கை வைத்துக்கொள்வதுதான் சிரமம். அந்த வேலையைச் செய்யும் இலவச சாப்ட்வேர் அன்கி. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். யூனிகோடு தமிழில் டைப் செய்யலாம்.

பயன்படுத்தும் முறை:

1. அன்கியை இன்ஸ்டால் செய்து, 'கிரியேட் டெக்' பட்டனை க்ளிக் செய்து பாடத்தின் பெயரைக் கொடுங்கள்.

2. 'ஆட்' க்ளிக் செய்து, முன்பக்கத்தில் கேள்வியையும் பின்பக்கத்தில் பதிலையும் டைப் செய்யுங்கள். முதல் பாடம் விளையாட்டாக இருக்கட்டும். கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போய் வந்த அன்று, "கிண்டி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட ஆண்டு?" - "1978" என்று ஒரு கார்டு. "பக்கத்திலுள்ள பொறியியல் கல்லூரியின் தொடக்க ஆண்டு?" - "1794" என்று இன்னொன்று.

3. தினமும் டெக்கைத் திறந்தால் கேள்வி வரும். பதிலை வாய்விட்டுச் சொன்ன பிறகே ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டும். மறந்திருந்தால் 'அகெய்ன்', நினைவிருந்தால் 'குட்'.

'குட்' கொடுக்கக் கொடுக்க அதே கேள்வி சில நாள், சில வாரம், சில மாதம் என்று தள்ளி வரும். 'அகெய்ன்' கொடுத்தால் சீக்கிரமே திரும்ப வரும். கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில் அட்டைகளையும் ஐந்து பெட்டிகளையும் வைத்து இதையே செய்யலாம். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் முதல் பெட்டிக்கே திரும்பும். முதல் பெட்டியைத் தினமும், அடுத்தடுத்த பெட்டிகளை இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் எடுக்க வேண்டும். லைட்னர் என்பவர் 1970-களில் பரப்பிய முறை இது.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். புரியாத பாடத்தைக் கார்டாக்க வேண்டாம். ஒளிச்சேர்க்கை புரிந்த பிறகே அதற்குக் கேள்வி. ஒரு கார்டில் ஒரு விஷயம் போதும், அதையும் பிள்ளையே டைப் செய்யட்டும். அன்கி தினமும் 20 புதிய கார்டுகள் வரை காட்டும். 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் அதை ஐந்தாகக் குறைத்துவிடுங்கள்.

கடைசியாக, பெற்றோருக்கு ஒன்று. 'அகெய்ன்' அழுத்தும்போது திட்டாதீர்கள். திட்டினால் பிள்ளை தெரியாததற்கும் 'குட்' கொடுத்துவிடும். அப்புறம் சாப்ட்வேர் போடும் கணக்கும் தப்பாகிவிடும்.