மாமியாருக்கு மறதி நோய். எனக்குக் கிடைத்தது ஒரு துணை

ஆக்குபேஷனல் தெரபி என்று ஒரு சிகிச்சை இருக்கிறது. பெயரைக் கேட்டதும், "உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆனவங்களுக்கா?" என்றார் எங்கள் எதிர்வீட்டு அக்கா. அப்படியில்லை. காலையில் எழுந்து பல் தேய்ப்பது, குளிப்பது, புடவை கட்டுவது, சாப்பிடுவது, பூக் கட்டுவது என்று ஒருவர் நாள் முழுக்கச் செய்கிற எல்லாமே இவர்கள் கணக்கில் 'வேலை'தான். நோயினாலோ அடிபட்டோ இதையெல்லாம் செய்ய முடியாமல் போனவர்களுக்கு வேறு வழி கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் இவர்களுடைய படிப்பு. நம் நாட்டில் இதற்கு முதல் பள்ளியை 1950-ல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் தொடங்கியவரே ஒரு பெண்மணிதான். கமலா நிம்ப்கர் என்று பெயர்.

டிமென்ஷியா என்கிற மறதி நோய் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற நம் போன்றவர்களுக்கு இவர்கள் எவ்வளவு உதவ முடியும் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

என் மாமியாருக்கு எழுபத்தாறு வயதில் இது ஆரம்பித்தது. பி-12 சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு இவற்றாலும் மறதி வரலாம் என்று முதலில் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். பிறகு மூளை ஸ்கேன். அல்ஸைமர் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சரி. ஆனால் குளிக்க மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரை எப்படிக் குளிப்பாட்டுவது என்று எந்தச் சீட்டிலும் எழுதித் தரவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் சொல்லி ஒரு தெரபிஸ்ட் பெண் வீட்டுக்கு வந்தாள். என் பெண் வயசுதான் இருக்கும்.

வந்தவள் பேசியதைவிடப் பார்த்ததுதான் அதிகம். அத்தை நடப்பதைப் பார்த்தாள், குளியலறையைப் பார்த்தாள், சமையலறையில் நான் வேலை செய்வதைப் பார்த்தாள். "பாட்டி முன்னாடியெல்லாம் எத்தனை மணிக்குக் குளிப்பாங்க?" என்று கேட்டாள். ஐம்பது வருஷமாக விடியற்காலை ஐந்தரைக்குக் குளித்துவிட்டு விளக்கேற்றுகிறவர். இப்போது மற்ற வேலைகள் முடிந்து பத்து மணிக்குத்தான் அவரைக் குளிக்க அழைத்துப் போகிறோம். "அந்த நேரத்தில் யாரோ புடவையை அவிழ்க்கிறாங்கன்னா அவங்களுக்கு எப்படி இருக்கும், அக்கா?" என்றாள்.

மறுநாளிலிருந்து குளியல் ஆறு மணிக்கு மாறியது. குளியலறையில் வழுக்காத ஸ்டூல், சுவரில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. தோளில் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, வெந்நீரை முதலில் பாதத்தில் ஊற்றி, பிறகு முழங்காலில், கடைசியில்தான் மேலே. சோப்பை அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். வெள்ளை டைல்ஸ் முன்னால் வெள்ளை மக் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சிவப்பு மக் வாங்கச் சொன்னாள். முப்பது ரூபாய் சமாசாரம்! சண்டை அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வாரத்தில் ஐந்து நாள் அமைதியாகக் குளித்தார். எனக்கு அதுவே பெரிய விஷயம்.

வாசலில் கிடந்த கறுப்பு மிதியடியை எடுக்கச் சொன்னாள். இந்த நோயில் கண் பார்ப்பதை மூளை சரியாகப் புரிந்துகொள்ளாதாம். கறுப்பாக இருப்பது பள்ளம் மாதிரி தெரியலாம். அத்தை அதைத் தாண்டிக் குதிக்கப் பார்த்தது அதனால்தான். எவர்சில்வர் தட்டில் தயிர்சாதத்தைத் துழாவிக்கொண்டிருப்பவர் வாழையிலையில் போட்டால் கையால் எடுத்துச் சாப்பிட்டார். பச்சையில் வெள்ளை பளிச்சென்று தெரிகிறது, அவ்வளவுதான். ராத்திரி கேஸ் ரெகுலேட்டரை மூடுவது, குளியலறை உள்தாழ்ப்பாளைக் கழற்றுவது எல்லாம் அவள் சொல்லித்தான்.

சாயங்காலம்தான் எங்களுக்குப் பெரும் பாடு. ஐந்து மணியானால் "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போடச் சொன்னாள் அந்தப் பெண். கூடவே கைக்கு ஒரு வேலை. அத்தை ஒரு காலத்தில் பூக் கட்டினால் தெருவே வேடிக்கை பார்க்கும். மல்லி மொட்டு இப்போது விரலுக்கு அகப்படவில்லை. அதனால் சாமந்தி வாங்கினோம். கட்டக்கூட வேண்டாம், இரண்டிரண்டாக எடுத்து வைத்தால் போதும், முடிச்சு நான் போடுகிறேன். பெயர்கள் மறந்தாலும் பழகிய கை வேலை ரொம்ப நாள் நிற்கும் என்றாள். நின்றது. ஒரு மணி நேரம் 'வீட்டுக்கு' என்ற பேச்சே எழாது.

இங்கேதான் எங்கள் வீட்டில் பூகம்பம். லீவுக்கு வந்த நாத்தனார் பார்த்துவிட்டு, "இந்த வயசுல எங்கம்மாவை வேலை வாங்கறீங்களா, அண்ணி?" என்று கண் கலங்கிவிட்டாள். ஊரும் அப்படித்தானே பேசும்? வயதானவரைக் கட்டிலில் உட்கார வைத்து வாயில் ஊட்டினால்தான் நல்ல மருமகள். தெரபிஸ்ட் பெண் அவளிடம் நிதானமாக எடுத்துச் சொன்னாள். சும்மா உட்கார வைத்தால் செய்யத் தெரிந்ததும் சீக்கிரம் போய்விடும்; மனசும் அலைபாயும். வேலை முடிந்ததா, சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தேவையில்லை, செய்கிற நேரம்தான் முக்கியம் என்றாள். நாத்தனார் அன்று ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை வந்தபோது அவளே ஒரு கூடை சாமந்தி வாங்கி வந்தாள்.

பிறகு என் முறை. "உங்க நாளைச் சொல்லுங்க" என்றாள். காலை நாலரை முதல் ராத்திரி பதினொன்று வரை சொன்னேன். எதெது நான் மட்டுமே செய்ய முடியும், எதெது மற்றவர்கள் செய்யலாம் என்று ஒரு தாளில் எழுதினாள். முதல் வரிசையில் இரண்டே இரண்டு இருந்தது! வீட்டிலுள்ள எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினாள். சாயங்காலம் ஆறு முதல் ஏழு வரை அத்தை என் கணவர் பொறுப்பு. அந்த நேரத்தில் நான் தையல் மிஷினில் உட்காரலாம், இல்லை கோயிலுக்குப் போகலாம். அதையும் சிகிச்சைத் திட்டத்திலேயே எழுதினாள். எனக்கு முதுகு வலிக்காமல் அத்தையை எழுப்பவும் கற்றுக்கொடுத்தாள். கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. நாற்காலியின் விளிம்புக்கு நகர்த்தி, பாதத்தைப் பின்னால் இழுத்து வைத்து, முன்னால் குனிய வைத்து "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றால் பாதி பாரத்தை அவரே தூக்கிக்கொள்வார்.

நெதர்லாந்தில் இப்படி வீட்டுக்கே போய்ச் செய்து பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2006-ல் வெளியானது. 135 நோயாளிகளையும் அவர்களைக் கவனிப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு, ஒரு பாதிக்கு மட்டும் ஐந்து வாரத்தில் பத்து தடவை தெரபி கொடுத்தார்கள். அவர்கள் அன்றாட வேலைகளை முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். கவனிப்பவர்களுக்கும் 'என்னால் முடியும்' என்ற தெம்பு கூடியது. மூன்று மாதம் கழித்தும் அது நீடித்தது.

நோய் குணமாகாது, சகோதரிகளே. அது போய்க்கொண்டேதான் இருக்கும். எட்டு மாதம் கழித்து அத்தை பூவை வாயில் போட ஆரம்பித்தார். அந்தப் பெண் மறுபடி வந்து, துண்டுகளை மடித்து அடுக்குவது என்று மாற்றிக் கொடுத்தாள். ஆனால் ஒன்றிரண்டு நாளில் திடீரென்று குழப்பம் அதிகமானால் தெரபிஸ்டைத் தேடாதீர்கள், டாக்டரிடம் ஓடுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, புது மாத்திரை எதுவும் காரணமாக இருக்கலாம்.

எல்லா ஊரிலும் இவர்கள் கிடைப்பதில்லை என்பது பெரிய குறை. இருப்பவர்களிலும் பலர் குழந்தைகளைத்தான் பார்க்கிறார்கள். முதியவர்களைப் பார்ப்பீர்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவிலும் முதியோர் பிரிவிலும் விசாரியுங்கள். சென்னையில் ஸ்கார்ப் நிறுவனம் மறதி நோய்க்காரர்களுக்கென்றே ஒரு பிரிவு நடத்துகிறது. முதியோர் உதவி எண் 14567-லும் கேட்டுப் பார்க்கலாம்.

போகும்போது ஒரு வாரக் கணக்கை நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள்: எப்போது தூங்கினார், எப்போது கோபம் வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். மூக்குக்கண்ணாடியும் காது மிஷினும் மறக்காமல் கூட வரட்டும்.