செயல்முறை அகழ்வு: பதிவேட்டுத் தடங்களின்வழிப் பணி ஒழுங்கை அறிதல்

முன்னுரை

நிறுவனமொன்றில் பணி எவ்வாறு நடைபெறுகிறது என்ற வினாவிற்கு விதிநூல் ஒரு விடையைக் கூறும். அன்றாட நடைமுறை வேறொரு விடையைக் கூறும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாட்டைக் கணினிப் பதிவேடுகளின் துணைகொண்டு அளந்தறியும் துறையே செயல்முறை அகழ்வு ஆகும். தரவு அகழ்வு என்னும் கலைச்சொல்லை ஒட்டி அமைந்தது இச்சொல். அகழாய்வில் மண்ணடுக்குகளைக் கொண்டு மறைந்த வாழ்வை உய்த்துணர்வது போல, எஞ்சிய தடங்களைக் கொண்டு முடிந்துபோன பணியை உய்த்துணர்தலின் இப்பெயர் பொருத்தமுடையதே.

பதிவேடும் வரைபடமும்

இவ்வாய்வுக்கு இன்றியமையாதன மூன்று: விண்ணப்பம், நோயாளி போன்ற தனி நேர்வைச் சுட்டும் எண், செய்யப்பட்ட செயலின் பெயர், அது நிகழ்ந்த நேரம். நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கு அடித்தளமிட்டவர் வில் வான் டெர் ஆல்ஸ்ட். அவரும் உடனாய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆல்ஃபா படிமுறையின் ஏரணம் எளியது. ‘க’ என்னும் செயலை அடுத்து ‘ச’ வருவதும், ‘ச’வை அடுத்து ‘க’ ஒருபோதும் வாராமையும் காணப்படின், முன்னதைச் சார்ந்தே பின்னது நிகழ்கிறது எனக் கொள்ளப்படும். இரு வரிசைகளும் காணப்படின், அவை ஒன்றையொன்று சாராது நிகழ்வன எனக் கொள்ளப்படும். இவ்வுறவுகளை இணைத்தால் பணியின் வரைபடம் கிடைக்கிறது. ஒரே ஒருமுறை நேர்ந்த பிழையையும் ஆயிரம்முறை நேர்ந்த வழக்கத்தையும் இப்படிமுறை வேறுபடுத்துவதில்லை. பின்வந்த முறைகள் நிகழ்வெண்ணிக்கையையும் கருத்திற்கொண்டு இக்குறையைக் களைந்தன. வரைபடத்தை விதியோடு ஒப்பிடுதல் இசைவுச் சரிபார்ப்பு எனப்படும். எச்செயலுக்கும் எச்செயலுக்கும் இடையே காத்திருப்பு மிகுகிறது என்பதைக் கண்டு பணியைத் திருத்துதல் அதன் அடுத்த நிலை.

இரு பதிவேடுகள்

ஆய்வாளர்களுக்காக வெளியிடப்பட்டுள்ள பதிவேடுகளுள் இரண்டு ஈண்டு ஒப்புநோக்கத்தக்கன. முதலாவது, இத்தாலிய நகர்க் காவல்துறை ஒன்றின் போக்குவரத்துத் தண்டத் தொகைப் பதிவேடு. அதில் 1,50,370 நேர்வுகள் உள்ளன. அவை பின்பற்றிய வரிசைகளோ 231 மட்டுமே. 46,371 பேர் அறிவிப்பு அனுப்பப்படும் முன்னரே தொகையைச் செலுத்தினர். 56,482 நேர்வுகள் அறிவிப்பு, கூடுதல் தண்டம் ஆகியவற்றைக் கடந்து கடன் வசூலிப்புக்குச் சென்றன. 20,385 நேர்வுகள் அறிவிப்பு அனுப்பப்பட்டதோடு நின்றுவிடுகின்றன. அதன்பின் என்ன நேர்ந்தது என்பதற்குப் பதிவேட்டில் விடையில்லை. வரைபடத்தில் இதுவும் தெளிவான ஒரு கோடாகவே தோன்றும் என்பது கவனத்திற்குரியது.

இரண்டாவது, நெதர்லாந்து மருத்துவமனை ஒன்றின் செப்சிஸ் பதிவேடு. தொற்றுக்கு உடல் அளவிறந்து எதிர்வினையாற்றுவதால் உறுப்புகள் பழுதுறும் உயிராபத்து நிலையே செப்சிஸ். இங்கு 1,050 நேர்வுகள், வரிசைகள் 846. அஃதாவது பெரும்பாலான நேர்வுகளுக்குத் தனித்தனி வழி. தண்டத் தொகை அலுவலகத்தில் இத்தகைய சிதறல் காணப்படின் அதனைச் சீர்கேடு எனலாம். மருத்துவமனையில் அவ்வாறு கூறுதல் பொருந்தாது. நோயாளியின் நிலைக்கேற்ப மருத்துவர் எடுத்த முடிவுகளே அவ்வேறுபாடுகளுட் பல. எனினும் எல்லா வேறுபாடும் ஏற்கத்தக்கதன்று. முதனிலை மதிப்பீடு முடிந்த ஒரு மணி நேரத்திற்குள் நுண்ணுயிர்க்கொல்லி செலுத்தப்பட வேண்டும் என்பது அம்மருத்துவமனை பின்பற்றிய நெறி. வரிசை எவ்வாறாயினும் இக்கால எல்லை மீறப்படலாகாது. எனவே ஒரே வழியை வற்புறுத்துவதைவிட இத்தகைய சில எல்லைகளை மட்டும் சரிபார்ப்பதே இங்குப் பயன்தரும்.

அதிலும் ஓர் இடர் உண்டு. மருந்தை உரிய நேரத்தில் செலுத்திவிட்டு, நெருக்கடி தணிந்தபின் செவிலியர் கணினியில் பதிவு செய்தால், பதிவேடு அதனைத் தாமதம் என்றே காட்டும். அவ்வாறன்றி மருந்தே தாமதமாகச் செலுத்தப்பட்டிருக்கவும் கூடும். எண்கள் இவ்விரண்டையும் வேறுபடுத்தா. பணி செய்தவரை வினவியே அறிதல் வேண்டும்.

பணியாளர் நிலை

பணியின் தடம் பணியாளரின் தடமும் ஆதலின், இக்கருவி கண்காணிப்புக் கருவியாக மாறுவது எளிது. இத்துறையின் முதன்மை மென்பொருள் நிறுவனங்களுள் ஒன்றான செலோனிஸ் 2011இல் மியூனிக்கில் தொடங்கப்பட்டது. அந்த ஜெர்மனியில், பணியாளரின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்கத்தக்க தொழில்நுட்பக் கருவியைப் புகுத்துவதில், பணியாளர் மன்றம் உள்ள நிறுவனங்களில் அம்மன்றத்திற்கு இணைமுடிவுரிமையைச் சட்டம் வழங்குகிறது. மேற்கூறிய செப்சிஸ் பதிவேட்டிலும் பணிக்குழுக்களின் பெயர்கள் குறியெழுத்துகளாக மாற்றப்பட்டுள்ளன. நிகழ்வு நேரங்களும் மாற்றப்பட்டுள்ளன. ஒரே நோயாளிக்குரிய இரு செயல்களுக்கு இடைப்பட்ட கால அளவு மட்டும் மாற்றமின்றி விடப்பட்டுள்ளது.