பயிர்க் காவலுக்குப் பழைய துப்பாக்கியா, புதியதா?

காட்டுப் பன்றிகளால் நிலக்கடலையும் மரவள்ளியும் ஒரே இரவில் பாழாவதைக் கண்ட குடியானவர்கள், குறைந்த விலைக்குக் கிடைக்கும் பழைய 12 போர் தோட்டாத் துப்பாக்கியை நாடுவது இயல்பே. ரைபிள் குண்டு வெகுதூரம் பாய்வதாகலின் ஊரையடுத்த வயல்களுக்கு ஏற்றதன்று. ஆயினும், விலை ஒன்றையே நோக்கிப் பழையதை வாங்குதல் கைக்கும் கண்ணுக்கும் கேடாய் முடியும்.

பழைய துப்பாக்கிகளுட் சில, இரும்பும் எஃகுமான பட்டைகளை முறுக்கிச் சுற்றி ஒட்டிய குழலுடையவை. கருமருந்துக்கெனச் செய்யப்பட்ட அக்குழல்கள் புகையில்லா மருந்தின் அழுத்தத்தைத் தாங்குமென நம்பலாகாது. மேலும், பழையனவற்றுட் பலவற்றில் தோட்டா அமரும் அறையின் நீளம் 65 மில்லிமீட்டரே. 70 மில்லிமீட்டர் தோட்டாவும் அதனுள் எளிதில் நுழையும். சுடுங்கால் அதன் மடிந்த வாய் விரிய இடமின்றி அழுத்தம் மிகும்.

வாங்குமுன், துப்பாக்கியில் தோட்டா இல்லையென்று உறுதி செய்துகொண்டு, குழலை வெளிச்சத்திற்கு நேரே பிடித்து நோக்குக. உள்ளே வளையம்போல் நிழல் தெரியின் குழல் புடைத்துள்ளது. முன்கட்டையைக் கழற்றி அசைக்கையில் குழல் ஆடுமாயின் பூட்டு தேய்ந்துள்ளது. செப்பனிடும் கூலியையும் விலையோடு கூட்டிப் பார்ப்பின், புதிய ஒற்றைக்குழல் துப்பாக்கியே மலிவாதலும் உண்டு. குற்றமற்ற பழையது கிடைப்பின் அதனை விலக்க வேண்டுவதில்லை.

1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இன்றித் துப்பாக்கி வாங்குதலும் வைத்திருத்தலும் குற்றமாகும். லைசென்ஸ் பெற்றவரும், 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிய உத்தரவின்றிப் பன்றியைச் சுடலாகாது. கிராம அதிகாரிகள் இவ்விரண்டையும் குடிகளுக்கு முன்னதாகவே எடுத்துரைப்பது நலம்.