பணத்தின் பெயர் யாது?

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டிற்குச் செல்லும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குமிடத்தில் கோவிந்தாபுரம் இருக்கிறது. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் ஊர் அது. அதனை அடுத்த முதலமடையின் மாந்தோப்புகள் நாடறிந்தவை. அங்கே ஓர் இளைஞர், மாம்பழக் கூழ் தயாரிக்கும் சிறு தொழிற்கூடம் தொடங்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே தெருவில் ஒரு தாய், தன் குழந்தையின் சிகிச்சைக்கு வழியின்றித் தவிக்கிறார் என்றும் கொள்வோம். இருவரும் கைப்பேசி வாயிலாக, முகமறியாத ஆயிரம் பேரிடம் ஆளுக்கு நூறு ரூபாய் கேட்கிறார்கள். இவ்வாறு பலரிடம் சிறு தொகை பெற்றுப் பெருங்காரியம் ஆற்றும் முறையைத் திரள்நிதி என்று வழங்குகிறோம்.

நேயர்களே, இருவரும் கேட்கும் தொகை ஒன்றே. ஆயினும் கொடுக்கும் பணம் ஈரிடத்தும் ஒன்றன்று. அரசாங்க ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். ‘நன்கொடை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘கடன்’ என்று எழுதிவிட்டால், மாறுவது சொல் மட்டுமன்று. வாங்கியவரின் கடமையும் மாறிவிடும். ஆதலின், திரள்நிதியில் சேருமுன் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, ‘இந்தப் பணத்தின் பெயர் யாது?’ என்பதே.

முதலாவது, திருப்பித் தர வேண்டிய பணம். இது நம் நாட்டிற்குப் புதிதன்று. தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணி, புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம் முதலிய பகுதிகளில் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடைபெறுகிறது. விருந்து உண்டவர் மொய் எழுதுகிறார். விருந்தளித்தவர் அத்தொகையை முதலாகக் கொண்டு நிலம் வாங்கலாம், கடை வைக்கலாம். பின்னர் மற்றவர் விருந்து வைக்கும்போது அவர் திரும்பச் செய்தாக வேண்டும். வட கேரளத்தில் வடகரைப் பகுதியில் வழங்கும் பணப்பயற்றும் இத்தகையதே. பார்வைக்கு அன்பளிப்பாகத் தோன்றினும், இது வட்டியில்லாக் கடன். பத்திரம் இல்லை, ஆனால் மொய்ப் புத்தகம் இருக்கிறது, ஊரார் கண் இருக்கிறது.

இரண்டாவது, பங்காகத் தரும் பணம். 1906 ஆம் ஆண்டு அக்டோபரில் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். அது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. சிறு வணிகரும் கப்பலில் பங்கு கொள்ளலாம் என்பதே இதன் சிறப்பு. காலியா, லாவோ என்னும் கப்பல்களும் வந்தன. ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது. 1908 இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911 இல் கம்பெனி கலைக்கப்பட்டது. பங்குதாரர் இலாபத்தில் மட்டுமன்று, நட்டத்திலும் பங்குடையவர் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. எனினும் இம்முறை தோல்விக்குரியதென்று கொள்ளலாகாது. வெளிநாடு வாழ் இந்தியர் பலர் பங்கு வாங்கியதனால் எழுந்த கொச்சி விமான நிலையம் 1999 முதல் இயங்கி வருகிறது.

பங்கு முறைக்குச் சட்டத்தின் வேலி உண்டு. 2013 ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின்படி, ஒரு தனியார் கம்பெனி பொதுமக்களை அழைத்துப் பங்கு விற்றல் இயலாது. தனிப்பட்ட முறையில் பங்கு வழங்குவதாயினும், பொதுவாக ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேற்படலாகாது. ஆகவே நம் மாம்பழக் கூழ் இளைஞர், ‘நூறு ரூபாய்க்குப் பங்கு தருகிறேன்’ என்று கைப்பேசியில் ஆயிரம் பேரை அழைத்தல் முறையாகாது. அவர் வேண்டுமானால், பணம் செலுத்துவோருக்குப் பருவத்தில் கூழ் அனுப்புவதாக முன்விற்பனை செய்யலாம். அப்போது அப்பணத்தின் பெயர் விலை. பொருள் வந்து சேரவேண்டும்.

மூன்றாவது, நன்கொடை. திரும்பி வாராதது, ஆதலாலேயே மிகுந்த கவனத்திற்குரியது. சில அரிய நோய்களுக்குரிய மருந்தின் விலை கோடிக்கணக்கான ரூபாய். 2021 இல் கேரளத்தில் முதுகுத் தண்டுத் தசை நலிவு நோயுற்ற ஒரு குழந்தைக்கு 18 கோடி ரூபாய் தேவைப்பட்டது. மக்கள் சில நாட்களிலேயே அதற்கும் மேலாகக் கொடுத்தனர். அதே ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, இத்தகைய நன்கொடைக்கெனத் தனி இணையத்தளத்திற்கு வகை செய்தது. தருபவர் அதில் நோயாளியைத் தேர்ந்து, சிகிச்சை செய்யும் மருத்துவமனைக்குப் பணம் அனுப்பலாம். பணம் இடைக்கையில் தங்குவதில்லை என்பதே இதன் நன்மை.

மொய் விருந்தில் ஊரார் கண் செய்த காவலை, முகமறியாத இணையத்தில் கணக்குத்தான் செய்ய வேண்டும். எனவே பணம் எவர் கணக்கிற்குச் செல்கிறது, இடையிலுள்ள நிறுவனம் எவ்வளவு பிடித்துக்கொள்கிறது, குறித்த தொகை சேராவிடின் என் செய்வர், மிஞ்சினால் என் செய்வர் என்று கேளுங்கள். கேட்பது ஐயத்தின் அடையாளமன்று, கொடுப்பவரின் உரிமை. விடை சொல்ல ஆயத்தமாயிருப்பவரே வாங்கத் தகுந்தவர்.

ஊர் கூடித் தேர் இழுக்கும்போது, வடம் பிடித்தவர் எல்லோருக்கும் தேர் எவ்வீதி வழியே செல்கிறதென்று தெரியும். கோவிந்தாபுரத்துத் தாய்க்கு மருத்துவமனைச் சீட்டும், இளைஞருக்குத் திறந்த கணக்கேடும் இருக்குமாயின், நாம் தரும் நூறு ரூபாய் போய்ச் சேரவேண்டிய இடத்திற்குப் போய்ச் சேரும்.