துயரத்துக்கு நோயென்று பெயரிடும் முன்

உற்றாரை இழந்தவர் துயருறுவது இயல்பு என்பதை எந்தச் சமூகமும் மறுத்ததில்லை. ஆனால் அத்துயரம் எந்த எல்லையைத் தாண்டும்போது நோயாகிறது, அந்த எல்லையை வகுக்கும் உரிமை யாருக்கு உண்டு, அதை வகுக்கும்போது துயருறுபவரின் மனத்தை மட்டும் பார்த்தால் போதுமா என்னும் வினாக்கள் மருத்துவ வினாக்களாகத் தோன்றினாலும் அடிப்படையில் மெய்யியல் வினாக்களே. மனம் என்பது என்ன, அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பவற்றுக்கு ஏதேனும் ஒரு விடையை, அறிந்தோ அறியாமலோ, முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளாமல் எவரும் இன்னொருவரின் மனநிலைக்கு நோய்ப்பெயர் இட முடியாது. உள்நாட்டுப் போரையும் 2004 டிசம்பர் 26இன் சுனாமியையும் கண்ட, இலங்கையின் திருகோணமலை மாவட்டம், இவ்வினாக்கள் நூலகத்துக்கு வெளியே எவ்வளவு கூர்மை பெறுகின்றன என்பதைக் காட்டும் இடங்களுள் ஒன்று. துறைமுகத்தை அண்டிய லிங்கநகர் முதல் கொட்டியாரக் குடாவின் மறுகரையிலுள்ள மூதூர் வரை பரந்த இந்நிலத்தில், இறந்தவர்களுக்காக அழுது தீர்த்தவர்களும் இருக்கிறார்கள். தம்மவர் இறந்தாரா உயிரோடு இருக்கிறாரா என்று அறியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இவ்விரு துயரங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கினால், மனத்தைப் பற்றிய ஓர் ஆழமான உண்மை புலப்படும்.

கால எல்லையும் நோய்ப்பெயரும்

1917இல் வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரையொன்றில் சிக்மண்ட் பிராய்ட், இழவுத் துயரத்தையும் நோயாகிய மனச்சோர்வையும் ஒப்பிட்டு, முன்னது வாழ்வின் இயல்பான போக்கிலிருந்து எவ்வளவு விலகியிருந்தாலும் அதை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டிய நோயாக யாரும் கருதுவதில்லை என்று கொண்டார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த நிலை படிப்படியாக மாறியது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறி கையேடு, அன்புக்குரியவரை அண்மையில் இழந்தவரிடம் காணப்படும் சோர்வை மனச்சோர்வு நோயாகக் கணக்கிடக் கூடாது என்று நெடுங்காலம் ஒரு விதிவிலக்கு வைத்திருந்தது. 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு அவ்விதிவிலக்கை நீக்கியபோது, முந்தைய பதிப்பின் ஆக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அலன் பிரான்சிஸ் உள்ளிட்ட பலர், மனித வாழ்வின் இயல்பான வேதனை ஒன்று நோயாக்கப்படுகிறது என்று கடுமையாக எதிர்த்தனர். பின்னர், 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாடு ‘நீடித்த இழவுத் துயர்நோய்’ என்ற தனி நோயை ஏற்றுக்கொண்டு, அதற்குக் குறைந்தது ஆறு மாத கால எல்லையை வகுத்தது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட அமெரிக்கக் கையேடு, வயது வந்தோருக்கு அந்த எல்லையைப் பன்னிரண்டு மாதம் என வைத்தது.

ஒரே துயரம் ஒரு நூலின்படி ஏழாம் மாதத்தில் நோயாகவும் மற்றொரு நூலின்படி நோயல்லாததாகவும் இருக்கக்கூடும் என்றால், இந்த எல்லை எலும்பு முறிவைக் கண்டறிவதுபோல இயற்கையில் கண்டெடுக்கப்பட்டதன்று, மனிதர் கூடி வகுத்தது என்பது தெளிவு. வகுக்கப்பட்டது என்பதாலேயே அது பொய்யாகிவிடாது; பண்பட்ட சமூகங்கள் யாவும் துயரத்துக்குக் காலம் வகுத்தே வந்துள்ளன. ஈழத்துச் சைவ மரபில் எட்டுச்செலவும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும், ஆண்டுத் திவசமும் உண்டு; கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கிறார்; பௌத்தர் ஏழாம் நாளிலும் மூன்றாம் மாதத்திலும் தானம் கொடுக்கின்றனர். இவை அனைத்தும், இறந்தவரை மறக்கச் சொல்லாமலே, இருப்பவர் மெல்ல மெல்ல வாழ்வுக்குத் திரும்புவதற்கான படிகளை அமைத்துக் கொடுக்கின்றன. மருத்துவ நூலின் கால எல்லைக்கும் சடங்கின் கால எல்லைக்கும் பொதுவாக ஒரு முன்நிபந்தனை உண்டு: எண்ணத் தொடங்குவதற்கு ஓர் இறந்த நாள் இருக்க வேண்டும்.

இறந்த நாள் இல்லாத இழப்பு

அந்த முன்நிபந்தனையே காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு இல்லை. ஐக்கிய நாடுகளின் செயற்குழுவிடம் பதிவான வலிந்து காணாமல் ஆக்கப்பட்ட சம்பவங்களின் எண்ணிக்கையில் இலங்கை உலகின் முதன்மை நாடுகளுள் ஒன்று. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடம் மட்டும் 16,000க்கும் அதிகமானோரைத் தேடித்தருமாறு குடும்பங்கள் விண்ணப்பித்துள்ளன. 2016இல் நிறைவேறிய சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியது. 2017இன் தொடக்கத்தில் கிளிநொச்சியில் தொடங்கிய உறவுகளின் தொடர் போராட்டம் வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை ஆகிய இடங்களுக்கும் பரவியது.

இத்தகைய இழப்பைத் தனி வகையாக ஆராய்ந்தவர் அமெரிக்க அறிஞர் போலின் பாஸ். வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த அவர், உடலளவில் இல்லாமலும் உள்ளத்தளவில் இருந்துகொண்டும் இருப்பவரைக் குறித்த இழப்பைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று அழைத்தார். அவரது முதன்மையான கருத்து, துயரம் உறைந்து நிற்பதற்குக் காரணம் துயருறுபவரின் மனப் பலவீனமன்று, இழப்பின் தெளிவின்மையே என்பதாகும். கணவரைத் தேடும் பெண் பொட்டை அழிப்பதா, தந்தையைத் தேடும் மகன் ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் செய்வதா என்பது போன்ற ஒவ்வொரு தீர்மானமும் அங்கே உயிரோடு இருக்கக்கூடிய ஒருவரைக் கைவிடும் செயலாகிவிடுகிறது. இறந்ததாகப் பதிந்தாலன்றிச் சொத்துரிமையோ கொடுப்பனவோ கிடைக்காது என்ற நிலை, அந்தக் கைவிடலை அரசே கோருவதுபோல் ஆக்கியது. ஒருவர் காணாமற்போயுள்ளார் என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழை வழங்குவதற்கு 2016இல் சட்டம் திருத்தப்பட்டது இந்த இக்கட்டை ஓரளவு உணர்ந்தே.

மனம் எங்கே முடிகிறது?

பதினேழாம் நூற்றாண்டில் டெக்கார்ட்டே வகுத்த சிந்தனை மரபு, மனத்தைப் புறவுலகிலிருந்து பிரித்து, உலகம் முழுவதும் மாயத்தோற்றமாக இருந்தாலும் தன்னளவில் முழுமையாக இருக்கும் ஓர் அகவெளியாகக் கருதியது. அந்த மரபுக்கு எதிராக மெய்யியலாளர்களான ஹிலரி பட்னம் 1975இலும் டைலர் பர்ஜ் 1979இலும் முன்வைத்த வாதங்கள் ‘புறச்சார்புக் கொள்கை’ என்று அழைக்கப்படும் நிலைப்பாட்டை உருவாக்கின. ஒருவர் எண்ணும் எண்ணத்தின் பொருள் அவரது தலைக்குள் நிகழ்வதால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை, அவர் வாழும் உலகமும் அவர் பேசும் சமூகமும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன என்பது அக்கொள்கையின் சாரம்.

பட்னத்தின் வாதம் ‘தண்ணீர்’ என்ற சொல்லின் பொருளைப் பற்றியது. ஆனால் அதன் முழு வலிமையையும் உணர, எல்லா வகையிலும் ஒத்த இரு பெண்களைக் கற்பனை செய்யலாம். இருவரின் கணவர்களும் ஒரே நாளில் காணாமற்போக, இருவரும் ஒரே வகையில் தூக்கம் குன்றி, ஒரே நம்பிக்கையோடு அலுவலகங்களுக்கு மனு எழுதுகிறார்கள். மூளையை எந்தக் கருவியால் ஆராய்ந்தாலும் வேறுபாடு தெரியாது. ஆயினும் ஒருவரின் கணவர் என்றோ இறந்துவிட்டார், மற்றவரின் கணவர் அறியப்படாத இடத்தில் உயிரோடு இருக்கிறார் என்றால், முதலாமவர் தம்மையறியாமலே விதவை, இரண்டாமவர் விதவையல்லர். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு நீடித்த துயர்நோயின் வெளிப்பாடுகளுள் ஒன்றாக இறப்பை ஏற்க மறுப்பதையும் குறிப்பிடுகிறது. ஏற்க மறுக்கிறார் என்று சொல்ல, ஏற்பதற்கு ஓர் இறப்பு நிகழ்ந்திருக்க வேண்டும்; அது நிகழ்ந்ததா என்பது அவரது மனத்துக்குள் தேடிக் கண்டறியக் கூடியதன்று. எனவே அவருடைய மனநிலையை முழுமையாக விவரிக்க வேண்டிய கடமை மருத்துவமனையோடு முடிவதில்லை. அது விசாரணைக் குழுவுக்கும், ஆவணக் காப்பகத்துக்கும், உண்மையை அறிந்தும் மௌனம் காப்போருக்கும் நீள்கிறது.

இரண்டாமவரின் நம்பிக்கை உண்மையானது, முதலாமவரின் நம்பிக்கை பொய்யானது என்றாலும், இரண்டும் ஒரே அளவு நியாயமானவை என்பதும் கவனிக்கத்தக்கது. சான்று கிடைக்காத நிலையில் முடிவைத் தள்ளிவைப்பது அறிவுடையோர் செயல்; அதை மனக்கோளாறாகக் கொள்வது, அறியும் உரிமை மறுக்கப்பட்டவர் மீதே அந்த மறுப்பின் பழியைச் சுமத்துவதாகும்.

பெயர்கள் செய்யும் வேலை

கல்லுக்கு எந்தப் பெயர் இட்டாலும் கல் மாறுவதில்லை. மனிதர் தமக்கு இடப்பட்ட பெயரை அறிந்து, அதற்கேற்பத் தம்மைப் புரிந்துகொண்டு, மாறுகிறார்கள். கனடிய மெய்யியலாளர் இயன் ஹாக்கிங் இதைச் ‘சுழல் விளைவு’ என்று விளக்கினார்: வகைப்பாடு மனிதரை மாற்றுகிறது, மாறிய மனிதர் வகைப்பாட்டை மாற்றுகின்றனர். வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினரின் நிலையை முன்னிட்டு 1980இல் அமெரிக்கக் கையேட்டில் இடம்பெற்ற நோய், ஈழத்து உளமருத்துவத் தமிழில் ‘நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்’ என வழங்குகிறது. சுனாமிக்குப் பின் இலங்கைக் கரைகளுக்கு வந்த வெளிநாட்டு உளவளத்துணைக் குழுக்கள் பலவற்றின் பார்வையை இந்த நோய்ப்பெயரே வழிநடத்தியது. ஒரு பண்பாட்டில் உருவான நோய்வகையை அது பொருந்துமா என்று ஆராயாமலே இன்னொரு பண்பாட்டின் மீது ஏற்றுவதை உளமருத்துவர் ஆதர் கிளைன்மன் 1977இலேயே ‘வகைப்பிழை’ என்று சுட்டியிருந்தார். போர்க்கால வேதனையை மருத்துவச் சிக்கலாகச் சுருக்குவதை மற்றோர் உளமருத்துவரான டெரெக் சமர்பீல்ட் 1999இல் விரிவாக விமர்சித்திருந்தார். பேரிடரைக் கண்டவரை உடனடியாக ஒரே அமர்வில் நிகழ்ந்ததை விவரிக்கச் செய்யும் முறை பின்னாளைய நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யக்கூடும் என்பதை ஆய்வுகள் காட்டியிருந்தன. ஐக்கிய நாடுகளின் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், பாதுகாப்பு, உணவு, குடும்ப இணைப்பு, சமூக ஆதரவு ஆகியவற்றை அடித்தளமாகவும், சிறப்பு மருத்துவத்தை மிகச் சிலருக்குத் தேவைப்படும் உச்சியாகவும் வைத்தன.

இலங்கைக்குள்ளிருந்தே எழுந்த சிந்தனைகள் இவ்விவாதத்துக்கு இன்னும் ஆழம் சேர்த்தன. மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1985இல் எழுதிய கட்டுரையில், வாழ்வு முழுவதும் நம்பிக்கைக்கு இடமற்றது என்ற உணர்வை மேற்கத்திய ஆய்வாளர் மனச்சோர்வின் மையமாகக் காணும்போது, இலங்கைப் பௌத்தர் அதையே உலகைப் பற்றிய மெய்யறிவாகக் காண்பதைச் சுட்டினார். நிலையாமைக்குத் திருக்குறள் தனி அதிகாரம் வகுத்திருக்கும் தமிழ் மரபுக்கும் இது புதிதன்று. ‘வடுவுற்ற மனங்கள்’ எனப் பொருள்படும் ஆங்கில நூலை 1998இல் வெளியிட்ட யாழ்ப்பாண உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், 2007இல் எழுதிய ஆய்வில், போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும், அவற்றைத் தாங்கி நின்ற நம்பிக்கையையும் சிதைப்பதைக் ‘கூட்டு மனவடு’ என்று விளக்கினார். தன்னைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் காணாத ஒரு சமூகத்தில், காயம்பட்ட மனம் எது என்ற வினாவுக்கு ஒரு தனி ஆளைச் சுட்டிக்காட்டி விடை சொல்ல முடிவதில்லை.

மறுபக்கமும் உண்மையே

இவற்றிலிருந்து மனநோய் என்பதே கற்பனை என்ற முடிவுக்குச் செல்வது பெருந்தவறு. உண்ணாமலும் உறங்காமலும், உயிரை மாய்க்கும் எண்ணத்தோடும் தவிக்கும் ஒருவரிடம், அது பண்பாட்டின் வெளிப்பாடு என்று சொல்லி மருந்தையும் சிகிச்சையையும் மறுப்பது அவரை இரண்டாம் முறை கைவிடுவதாகும். சுனாமிக்குப் பின் 2005இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட தேசிய உளநலக் கொள்கை, தலைநகரின் பெரிய மருத்துவமனைகளில் குவிந்திருந்த சேவையை மாவட்டங்களுக்கு விரிக்க முனைந்தது திருகோணமலை உள்ளிட்ட கிழக்கு மாகாண மக்களுக்கு மெய்யான நன்மை. மனத்தைப் புரிந்துகொள்ள உலகையும் பார்க்க வேண்டும் என்ற கருத்து மருத்துவத்தை விலக்குவதில்லை. அதற்கு மேலும் ஒரு பொறுப்பைச் சேர்க்கிறது.

அப்பொறுப்பு எத்தகைய பலன் தரும் என்பதற்கு இலங்கையே சான்று. 1995இல் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற அளவில், உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்த இந்நாட்டின் தற்கொலை விகிதம், நஞ்சு மிகுந்த பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்ததன் விளைவாகப் பின்வந்த இருபது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. நெருக்கடியின் கணத்தில் கைக்கெட்டிய பொருள் மாறியதே பல்லாயிரம் உயிர்களைக் காத்தது.

அவ்வாறே, காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு உளவளத்துணையும் மருந்தும் தேவைப்படும் இடங்களில் தயங்காமல் வழங்கப்பட வேண்டும். ஆனால் அவர்களின் நிலைக்கு முதன்மையான மருந்து உண்மையே. என்புகளை அடையாளம் காணும் தடயவியல், சாட்சியங்களைப் பதியும் அலுவலகம், நிகழ்ந்ததை ஒப்புக்கொள்ளும் அரசு ஆகியவை உளநலத்துக்குப் புறம்பானவை அல்ல. மனம் உலகத்தோடு பிணைந்தது என்பதை ஏற்றுக்கொண்டால் அவை உளநலச் சேவையின் பகுதிகளே. ஒரு தாயின் துயரத்தை நோயென்று பெயரிடும் முன், அவரிடம் மறைக்கப்பட்டுள்ள விடை எங்கே இருக்கிறது என்று கேட்பதே மனத்தைப் பற்றிய நேர்மையான அறிவியலின் முதற்கடமை.