விலை மலிவா, செலவு மலிவா?

மாதம் பிறந்ததும் மளிகை ஜாபிதா எழுத உட்காரும் சகோதரிகளுக்கு ஒரு கேள்வி. கடையில் ஒரே சாமான் இரண்டு விலையில் இருக்கிறது. ஒன்று 100 ரூபாய். மற்றொன்று 150 ரூபாய். எதை வாங்குவீர்கள்?

“100 ரூபாய்ச் சாமானைத்தான். இதிலென்ன யோசனை?” என்பார்கள் சிலர். “விலை அதிகமானால் தரமும் அதிகமாகத்தானே இருக்கும்?” என்பார்கள் வேறு சிலர். முதல் கட்சியார் அதைச் சிக்கனம் என்கிறார்கள். இரண்டாவது கட்சியார் கௌரவம் என்கிறார்கள். உண்மையில் இரு கட்சியாரும் செய்வது ஒன்றுதான்: விலைச் சீட்டைப் பார்க்கிறார்கள், சாமானைப் பார்ப்பதில்லை.

விலை என்பது கடையில் ஒரு தடவை கொடுப்பது. செலவு என்பது அந்தச் சாமான் நம் வீட்டில் இருக்கும் வரையில் கொடுத்துக்கொண்டே இருப்பது. விலை குறைந்த சாமான் சில சமயம் செலவில் பெரிய சாமானாக முடிகிறது. விலை உயர்ந்த சாமான் சில சமயம் வெறும் பகட்டாக முடிகிறது. எது எந்த ரகம் என்று கண்டுகொள்வது அப்படியொன்றும் கம்ப சூத்திரமல்ல.

யானையும் அங்குசமும்

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசலாமா என்று கேட்பார்கள் பெரியவர்கள். நம் சமையலறைகளில் இந்தப் பேரம் தினமும் நடக்கிறது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கண்ணாடி மேல் தட்டுப் போட்ட காஸ் அடுப்பு வாங்குகிறோம். அதையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர் குழாய் மட்டும், “எது மலிவோ அதைக் கொடுங்கள்!”

அடுப்பு கெட்டுப்போனால் சமையல் நிற்கும். குழாய் வெடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளே கம்பி வலை பின்னிய, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஆரஞ்சு நிறக் குழாயைக் காஸ் ஏஜென்சியிலேயே வாங்கலாம். எந்த ஆண்டு வரையில் உபயோகிக்கலாம் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். 5 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும். சாதாரணக் குழாய்க்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசத்தை 5 ஆண்டுக்குப் பங்கிட்டுப் பாருங்கள். மாதம் ஓரிரண்டு ரூபாய்க்கு மேல் போகாது.

குக்கரின் சேஃப்டி வால்வு, மின்சார ஒயர், பிளக், வீட்டுக்காரரும் பிள்ளைகளும் ஸ்கூட்டரில் போகும்போது அணியும் ஹெல்மெட் ஆகியவையும் இந்த ஜாதிதான். கெட்டால் ஆளைக் கெடுக்கும் சாமான்கள். குக்கர்களுக்கு 2021 பிப்ரவரி முதலும், இரு சக்கர வாகன ஹெல்மெட்டுகளுக்கு 2021 ஜூன் முதலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைச் சர்க்கார் கட்டாயமாக்கியது. முத்திரை மாத்திரம் போதாது. போலி முத்திரை குத்துகிறவர்களும் உண்டு. முத்திரையின் கீழே ‘சி.எம்./எல்.’ என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும். ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற கைப்பேசிச் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது என்று தெரிந்துவிடும். இந்த வகைச் சாமான்களில் முதலில் முத்திரையைப் பாருங்கள், பிறகு விலையைப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் சாப்பிடும் சாமான்கள்

சில சாமான்கள் விலையோடு நிற்பதில்லை. மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, கலியாணம் முடிந்த பிறகும் கேட்டுக்கொண்டே இருக்கும். மின்விசிறி, குளிர்ப்பெட்டி, ஏர்கண்டிஷனர் எல்லாம் இந்தக் கூட்டம்.

பழைய ரக மின்விசிறி சுமார் 75 வாட் மின்சாரம் எடுக்கிறது. ‘பி.எல்.டி.சி.’ மோட்டார் வைத்த புது ரகம் முழு வேகத்தில் சுமார் 30 வாட்டோடு திருப்தியடைகிறது. கடையில் இதன் விலை கூடுதல்தான். ஆனால் கணக்குப் பாருங்கள். கூடத்து விசிறி நாளைக்கு 15 மணி நேரம் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 45 வாட் மிச்சம் என்றால், வருஷத்துக்குச் சுமார் 246 யூனிட் மிச்சம். யூனிட் 5 ரூபாய் என்று போட்டால் 1,230 ரூபாய்! கூடுதலாகக் கொடுத்த பணம் ஒன்றிரண்டு வருஷத்தில் திரும்பி வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் லாபம்.

அதற்காக வீட்டிலுள்ள விசிறிகளையெல்லாம் கழற்றி எறிந்துவிடாதீர்கள்! விருந்தாளி வந்தால் மாத்திரம் சுற்றும் அறைக்கு மலிவு விசிறியே போதும். மாதத்தில் இரண்டு நாள் சுற்றும் விசிறியில் மின்சாரத்தை மிச்சம் பிடித்துப் பணத்தை மீட்கப் பேரன் காலம் வரையில் காத்திருக்க வேண்டும்.

குளிர்ப்பெட்டி வாங்கும்போது நட்சத்திரங்களை எண்ணினால் மட்டும் போதாது. ஒரே அளவுள்ள பெட்டிகளை ஒப்பிடத்தான் நட்சத்திரம். பெரிய 5 நட்சத்திரப் பெட்டி, சிறிய 3 நட்சத்திரப் பெட்டியைவிட அதிக மின்சாரம் சாப்பிடக்கூடும். அதே சீட்டில், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்றும் போட்டிருக்கும். அந்த எண்ணைப் பாருங்கள்.

தினமும் தொடும் பொருள்

விலையை, அது உழைக்கும் நாட்களால் வகுத்துப் பாருங்கள். 150 ரூபாய்ச் செருப்பு 4 மாதத்தில் அறுந்துபோகிறது. 600 ரூபாய்ச் செருப்பு 2 வருஷம் வருகிறது. 2 வருஷத்தில் மலிவுச் செருப்புக்கு 6 ஜோடி, 900 ரூபாய். மலிவை வாங்கியவர் 300 ரூபாய் அதிகம் கொடுத்தார். நடுத்தெருவில் வார் அறுந்து நின்ற அவஸ்தை தனி.

காய் நறுக்கும் கத்தியும் அப்படித்தான். கூர் நிற்காத கத்தியை அழுத்தி நறுக்க வேண்டியிருக்கிறது. அழுத்தும்போதுதான் வழுக்கி விரலைப் பதம் பார்க்கிறது. நல்ல எஃகில் செய்த கத்தியோ அரிவாள்மணையோ, அவ்வப்போது சாணை பிடித்தால் பல வருஷங்கள் உழைக்கும்.

இந்த இடத்தில் சகோதரிகளிடம் சற்று உரிமையோடு ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் மலிவுச் சாமான் யாருக்கு வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? அவருக்கு ஆபீஸ் போக நல்ல ஷூ. பிள்ளைக்கு விளையாட நல்ல ஷூ. அம்மாவுக்கு மட்டும் பிளாட்பாரச் செருப்பு. “நான் எங்கே போகப் போகிறேன்? மார்க்கெட்டுக்குத்தானே?” என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொள்வாள். ஆனால் காலை முதல் இரவு வரை கல் தரையில் நின்று வேலை செய்கிறவள் அவள்தான். மங்கலான மூக்குக் கண்ணாடி, மொண்ணைக் கத்தி, விசிறி இல்லாத சமையலறை - வீட்டின் சிக்கனமெல்லாம் ஒருத்தியின் உடம்பிலேயே விடிந்தால் அது சிக்கனம் அல்ல. வைத்தியச் செலவு என்ற பெயரில் அது ஒரு நாள் குடும்பக் கணக்கிலேயே வந்து சேரும்.

உள்ளே என்ன இருக்கிறது?

கூடுதல் விலை கொடுத்தால் கூடுதல் சரக்கு வர வேண்டும். வருகிறதா என்று பொட்டலமே சொல்லும், நாம்தான் படிப்பதில்லை.

காபித் தூளை எடுத்துக்கொள்ளுங்கள். சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவிகிதமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். எது எவ்வளவு என்று பொட்டலத்தில் அச்சிடவும் வேண்டும். 200 கிராம் பொட்டலங்கள் இரண்டு. ஒன்று 150 ரூபாய், காபி 53 சதவிகிதம். மற்றது 190 ரூபாய், காபி 80 சதவிகிதம். முதலாவதில் 106 கிராம் காபி. கிராம் 1 ரூபாய் 42 காசு. இரண்டாவதில் 160 கிராம். கிராம் 1 ரூபாய் 19 காசு. இப்போது எது மலிவு? சிக்கரியின் ருசிதான் பிடிக்கும் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் காபி விலை கொடுத்து வாங்காதீர்கள்.

குளிக்கும் சோப்பிலும் இதே கதை. உறையில் ‘டி.எஃப்.எம்.’ என்று பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். சோப்பிலுள்ள கொழுப்புச் சத்தின் அளவு அது. 76 சதவிகிதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் கிரேடு. ‘பேதிங் பார்’ என்று எழுதியிருந்தால் 40 சதவிகிதமே போதும் என்று விதி. நட்சத்திரத்தின் முகத்தைப் பார்த்து வாங்குவதைவிட இந்த எண்ணைப் பார்த்து வாங்குவது மேல்.

எங்கே கையை இறுக்குவது?

கூடுதல் கொடுத்துப் பிரயோசனமே இல்லாத சாமான்களும் உண்டு. வெள்ளைச் சர்க்கரையை எந்தப் பையில் கட்டினாலும் சர்க்கரைதான். ரோஜா நிற உப்பு தட்டில் அழகாக இருக்கலாம். உடம்புக்கு வேண்டிய அயோடின், சாதாரண அயோடின் உப்பில்தான் நிச்சயமாக இருக்கிறது.

வளரும் குழந்தைக்கு 3 வருஷம் உழைக்கும் ஷூ எதற்கு? ஷூ உழைக்கும், கால் காத்திருக்காது. சாமானின் ஆயுள் நம் தேவையின் ஆயுளைவிட அதிகமாக இருந்தால், அந்த அதிகத்துக்குக் கொடுத்த விலை வீண்.

மருந்திலும் மிச்சம் பிடிக்கலாம். 2008-இல் ஆரம்பமான மத்திய சர்க்காரின் ஜன் ஔஷதி கடைகளில், மருந்தின் மூலப் பெயரிலேயே விற்கிறார்கள். பிரபல கம்பெனியின் பெயர் போட்ட மாத்திரையைவிடப் பெரும்பாலும் பாதி விலைக்கும் குறைவு. மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் ஒன்றுதானா என்று பார்த்து வாங்க வேண்டும். வலிப்பு, தைராய்டு போன்றவற்றுக்கு வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் மாற்றக் கூடாது.

பணத்துக்கு எங்கே போவது?

“எல்லாம் சரி. 600 ரூபாய் ஒரே தடவையில் கையில் இருந்தால் 150 ரூபாய்ச் செருப்பை யார் வாங்குவார்கள்?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. கையில் பணம் இல்லாதவர்தாம் ஒரே சாமானை ஆறு தடவை வாங்கி அதிகம் கொடுக்கிறார். அதுதான் இதிலுள்ள கொடுமை.

ஆகவே எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்ற முயல வேண்டாம். வீட்டைச் சுற்றிப் பார்த்து ஒரு ஜாபிதா எழுதுங்கள். முதலில் ஆபத்தைத் தடுப்பவை. அடுத்து மின்சாரத்தைக் குறைப்பவை. பிறகு தினமும் உடம்பில் படுபவை. உப்பிலும் மாத்திரையிலும் சோப்பு உறையிலும் மிச்சமாகும் பணத்தை அஞ்சறைப் பெட்டிச் சிறுவாட்டில் தனியே போட்டு வையுங்கள். அது சேரச் சேர, ஜாபிதாவில் மேலிருந்து ஒவ்வொன்றாக வாங்குங்கள். விசிறி மாறினால் மின்சாரக் கட்டணம் குறையும். அந்த மிச்சம் அடுத்த சாமானை வாங்கித் தரும்.

அந்த ஜாபிதாவில் உங்கள் செருப்பையும் மறக்காமல் எழுதுங்கள். கடைசி வரியில் அல்ல; கொஞ்சம் மேலேயே எழுதுங்கள்.