நூறு எந்திரம்! ஒரே நாள்!

அமெரிக்காவில் "நியூயார்க் டைம்ஸ்" என்ற பத்திரிகை 1851-ம் ஆண்டு முதல் வெளிவருகிறது.

அதன் பழைய செய்திகளை மக்கள் வீட்டில் இருந்தபடியே இன்டர்நெட் மூலம் படிக்கச் செய்ய வேண்டும் என்று 2007-ம் ஆண்டில் முயற்சி நடந்தது. மொத்தம் எத்தனை செய்திகள் தெரியுமா? 1 கோடியே 10 லட்சம்!

பழைய தாள்களை முன்பே படம் பிடித்து வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு செய்தி ஒரே படமாக இல்லை. துண்டு துண்டாக இருந்தது. அந்தத் துண்டுகளை அளவு பார்த்து, வரிசையாகச் சேர்த்து, ஒரு செய்தியை ஒரு கோப்பாக ஆக்க வேண்டும்.

முதலில் 4 கம்ப்யூட்டர்களை வைத்துச் செய்யலாமா என்று கணக்குப் போட்டார்கள். நெடுநாள் பிடிக்கும் என்று தெரிந்தது.

வாடகைக்கு எடுத்தார்கள்

கலியாணத்துக்குப் பெரிய அண்டா வேண்டும் என்றால் நாம் கடையில் வாங்குவது இல்லை. வாடகைக்கு எடுக்கிறோம். விருந்து முடிந்ததும் திருப்பிக் கொடுத்து விடுகிறோம்.

கம்ப்யூட்டரும் அப்படிக் கிடைக்கிறது. "அமேசான்" கம்பெனி ஏராளமான கம்ப்யூட்டர்களை வைத்து, 2006-ம் ஆண்டு முதல் வாடகைக்கு விடுகிறது. இன்று ஒருவருக்கு உழைக்கும் எந்திரம், நாளை இன்னொருவருக்கு உழைக்கும்.

பத்திரிகைக்காரர்கள் 100 எந்திரங்களை எடுத்தார்கள். 24 மணி நேரத்துக்குள் 1 கோடியே 10 லட்சம் செய்திகளும் தயார்!

அப்போது ஓர் எந்திரத்துக்கு மணிக்கு 10 சென்ட் வாடகை. 100 எந்திரத்துக்கு ஒரு நாள் வாடகை 240 டாலர். அன்றைய மதிப்பில் 10 ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு.

ஒரே எந்திரம் 100 நாள் ஓடியிருந்தாலும் வாடகை அதேதான். பணம் கூடவில்லை, 99 நாள் மிச்சம்!

மேஸ்திரி யார்?

நூறு ஆளை வேலைக்கு விட்டால் ஒரு மேஸ்திரி வேண்டும் அல்லவா? "ஹடூப்" என்ற மென்பொருள்தான் மேஸ்திரி. வேலையைப் பங்கு போட்டுக் கொடுப்பது அதுதான். ஓர் எந்திரம் பழுதாகி நின்றால், அதன் பங்கை வேறு எந்திரத்துக்குக் கொடுத்துவிடும்.

ஹடூப் என்பது ஒரு மஞ்சள் யானைப் பொம்மையின் பெயர்! இந்த மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவர் டக் கட்டிங். அவருடைய மகன் தன் பொம்மைக்கு வைத்திருந்த பெயரையே அவர் இதற்கு வைத்துவிட்டார்.

எல்லா வேலையும் இப்படி நடக்காது. நூறு பேர் இறங்கினால் வயலை ஒரே நாளில் அறுத்து விடலாம். ஆனால் நூறு பேர் சுற்றி நின்றாலும் பால் சீக்கிரம் தயிர் ஆகாது! ஒரு பங்கு இன்னொரு பங்குக்காகக் காத்திராத வேலைக்குத்தான் இந்த முறை ஏற்றது. ஒரு செய்தியை ஒட்ட அடுத்த செய்தி தேவை இல்லை. அதனால்தான் வேலை ஓடியது.

பிழை வந்தது!

எல்லாம் முடிந்தபின் பார்த்தால், கோப்புகளில் ஒரு பிழை!

மாதக்கணக்கில் உழைத்த வேலையாக இருந்தால் தலையில் கை வைத்திருப்பார்கள். இங்கே அந்தக் கவலை இல்லை. முழு வேலையையும் மறுபடியும் ஓட்டினார்கள்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. வேலை முடிந்ததும் எந்திரங்களை விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால், எந்திரம் சும்மா இருந்தாலும் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும்!